ஜப்ர்: எலும்பு கூடுதலும் நடை திரும்புதலும்

அரபு மொழியில் 'ஜப்ர்' என்னும் சொல்லுக்கு முறிந்ததை மீளப் பொருத்துதல் என்பது பொருள். எலும்பு கட்டுபவர் 'முஜப்பிர்'. அவர் வைத்துக் கட்டும் பத்தை 'ஜபீரா'. உளூவின்போது ஜபீராவின் மேல் ஈரக்கையால் தடவுவதன் சட்டத்தை ஃபிக்ஹு நூல்கள் தனியே பேசுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் கணித நூலின் தலைப்பில் 'அல்ஜப்ர் வல்முகாபலா' என்று அமைத்ததும் இச்சொல்லையே. குறைபட்டதை நிறைவாக்குதல் ஜப்ர். இருபுறத்தையும் எதிரெதிரே வைத்துச் சமன் செய்தல் முகாபலா. ஸ்பானிய மொழியில் 'அல்ஹெப்ரிஸ்தா' என்றால் எலும்பு கட்டுபவர். 1615-இல் வெளிவந்த 'டான் குயிக்ஸாட்' இரண்டாம் பாகத்திலும் அச்சொல் இப்பொருளிலேயே வருகிறது.

இக்கலையை நூலாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013). முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதன் மூன்றாம் பாடம் முறிவையும் மூட்டு விலகலையும் விளக்குகிறது. கட்டை அளவு மீறி இறுக்கலாகாது என அவர் எச்சரித்தார். இப்னு ஸீனாவும் (மறைவு 1037) 'அல்கானூன்' நான்காம் நூலில், வீக்கம் தணியுமுன் பத்தை வைக்க அவசரப்படலாகாது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்ட் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியையும் 'அல்கானூன்' நூலையும் இலத்தீனில் பெயர்த்தார்.

1852-இல் டச்சு இராணுவ மருத்துவர் மத்தைசன் மாவுக்கட்டு முறையை வெளியிட்டார். எலும்பு அசையாமல் நின்றது. ஆனால் நெடுநாள் அசையாத மூட்டு இறுகியது, தசை மெலிந்தது. இத்தீங்கைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லூக்கா ஷாம்பியோனியர் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே விரைந்த அசைவை வலியுறுத்தினார். 1958-இல் ஸ்விட்சர்லாந்தில் ஒன்றுகூடிய அறுவை மருத்துவர்களும் அவ்வழியையே வலுப்படுத்தினர்.

கணுக்கால் முறிவில் இவ்வரலாற்றின் பாடம் தெளிவாகப் புலப்படும். எளிய முறிவு ஏறத்தாழ 6 வாரங்களில் கூடிவிடும். ஆயினும் கட்டுப் பிரித்த அன்றே பழைய நடை வந்துவிடுவதில்லை. மருத்துவர் அனுமதித்த அளவே காலில் பாரம் ஏற்ற வேண்டும். கைத்தடியை முறிந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முந்தும். இறங்கும்போது தடியும் நோயுற்ற காலும் முந்தும். ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியைச் சுவரருகே பழகுவது நன்று. கெண்டைக்காலில் திடீரென வலியும் வீக்கமும் கண்டால், இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால், தாமதியாது மருத்துவரை நாட வேண்டும்.

நம் இல்லங்களில் இரு தவறுகளைக் காண்கிறோம். இளையோர் வலி குறைந்ததும் தடியை எறிந்துவிடுகின்றனர், மீண்டும் விழுகின்றனர். முதியோரையோ அன்பின் மிகுதியால் கட்டிலிலேயே அமர்த்திவிடுகிறோம். அவர்கள் நடையையே இழந்துவிடுகின்றனர். எலும்பு கூடுவது ஜப்ர் எனில், இரு கால்களும் உடலைச் சமமாகத் தாங்குவது முகாபலா எனலாம். முன்னது மருத்துவர் கையில் நிகழ்கிறது. பின்னது நோயாளியின் பொறுமையாலும் வீட்டாரின் துணையாலும் நாளுக்கு நாள் அமைகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை நிறைவுறும்.