எஃகு உத்திரங்களின் தீக்காப்பு

எஃகு உத்திரங்களின் தீக்காப்பு என்பது, கட்டடத் தளங்களைத் தாங்கும் எஃகு உத்திரங்கள் தீயில் சூடேறி வலுவிழந்துவிடாமல், விதிகள் கோரும் நேரம்வரை சுமை தாங்கி நிற்கச் செய்யும் ஏற்பாடாகும்.

தேவை: எஃகு எரியாது, அது உருக ஏறத்தாழ 1,500° செ. வெப்பம் வேண்டும். கட்டடத் தீ அந்த அளவை எட்டுவதில்லை. ஆனால் 600° செ. சூட்டிலேயே எஃகின் வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சூடேறும் உத்திரம் நீளவும் செய்யும். 10 மீட்டர் உத்திரத்தின் வெப்பம் 500° கூடினால் அது 6 செ.மீ.க்கு மேல் நீளும். வலுவிழப்புக்குத் தடை தேடியதே இத்துறையின் நெடுங்கால வரலாறு. நீட்சி பிற்காலத்தில்தான் உரிய கவனம் பெற்றது.

சுடுமண்ணும் கான்கிரீட்டும்: 1797இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் சார்லஸ் பேஜ் கட்டிய ஆளிநார் நூல் ஆலையில், மரத்துக்குப் பதில் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்திரங்களும் செங்கல் வளைவுகளைத் தாங்கின. இரும்பாலான கட்டடம் தீக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை 1871 அக்டோபரில் சிகாகோவை அழித்த பெருந்தீயில் தகர்ந்தது. அதே ஆண்டில் ஜார்ஜ் ஜான்சனும் பால்தசார் கிரைஷரும் உள்ளீடற்ற சுடுமண் ஓடுகளாலான தளத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். தொடக்ககால ஓடுகள் உத்திரத்தின் பக்கங்களை மறைத்தன. அடிப்பட்டையோ தீக்கு நேர் எதிரே திறந்து கிடந்தது. பின்னர் ஓட்டின் விளிம்பை நீட்டி அதையும் மூடினர். 1904இல் பால்டிமோர் தீயில் ஓடுகளின் அடிப்பகுதி வெடித்து உதிர்ந்தது. அதன்பின் உத்திரத்தைக் கான்கிரீட்டில் பொதியும் முறை வலுப்பெற்றது.

சோதனை: எந்தக் காப்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஒரே அளவுகோலில் அறிய, 1918இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு உலைச் சோதனை முறையை வெளியிட்டது. உலை 5 நிமிடத்தில் 538° செ., 1 மணி நேரத்தில் 927° செ. வெப்பத்தை எட்ட வேண்டும். இன்றைய இ119 விதி இதன் வழிவந்ததே.

தெளிப்புப் பூச்சு: கான்கிரீட் பொதிவு கட்டடத்தின் எடையைக் கூட்டியதால், 1930களில் கல்நார் இழைகளைத் தெளிக்கும் முறை தோன்றியது. கல்நாரின் நோய்க்கேடு தெளிவானதும் 1973இல் அமெரிக்கா அத்தெளிப்பைத் தடை செய்தது. ஜிப்சமும் வெர்மிகுலைட்டும் கலந்த சாந்து, கனிம இழை ஆகியவை அதன் இடத்தைப் பிடித்தன. இவை மலிவானவை, ஆனால் இடிபட்டால் உதிர்ந்துவிடும். குழாயோ மின்கம்பியோ பொருத்த வருபவர் பற்றுக்கருவி மாட்டுவதற்குச் சுரண்டிய இடம், மீண்டும் பூசப்படாவிட்டால் வெறும் எஃகுதான். உத்திரம் வெளியே தெரிய வேண்டிய இடங்களில், சூடு பட்டதும் பல மடங்கு உப்பிக் கரிநுரையாகும் வண்ணப்பூச்சு பயன்படுகிறது.

முழுத் தளமும் ஓர் அலகாக: 1990இல் லண்டன் பிராட்கேட்டில் கட்டி முடிக்கப்படாத 14 மாடிக் கட்டடம் 4 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. காப்பு முழுமை பெறாத உத்திரங்கள் தொய்ந்தன, கட்டடம் விழவில்லை. 1990களின் நடுவில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் 8 மாடி எஃகுச் சட்டகத்துக்குத் தீயிட்டு நடத்திய சோதனைகள், தொய்ந்த உத்திரத்தின் சுமையைக் கான்கிரீட் பலகமே இழுவிசையால் ஏந்திக்கொள்வதைக் காட்டின. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தீப்பற்றிய ‘உலக வணிக மையம் 7’ என்ற 47 மாடிக் கட்டடம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் 2008 அறிக்கைப்படி, காப்புப் பூசிய தள உத்திரங்கள் 400° செ.க்கும் குறைந்த சூட்டிலேயே நீண்டு, ஒரு முதன்மை உத்திரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. தொடர்ந்து கட்டடமே சரிந்தது.

ஆகவே இன்றைய வடிவமைப்பு பூச்சின் தடிமனோடு நில்லாமல் இணைப்புகளையும் பலகத்தையும் சேர்த்தே கணக்கிட முயல்கிறது. இந்தியாவில் எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதித்தொகுப்பின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, தீத்தாங்குதிறனுக்கென 16ஆம் பிரிவை ஒதுக்கியுள்ளது.