மருட்கையும் பெருமிதமும்: ஒரு மலைப் புகைவண்டியின் கதை

உயிரில்லாப் பொருளைப் பேச வைத்து, அதன் இன்ப துன்பங்களில் பங்குகொள்வது மக்கள் மனத்தின் பழைய இயல்பு. ஞாயிறும் கடலும் மரமும் பேசுவன போலச் செய்யுளில் அமைவதற்குத் தொல்காப்பியர் இடங்கொடுத்தார். காண்போர் உள்ளத்தில் எழும் உணர்வுகளை எண்வகை மெய்ப்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் காட்டியவரும் அவரே. இக்காலச் சிறுவர் படம் ஒன்று எழுப்பிய உணர்வுகளையும் அந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அப்படத்தில் வரும் ஆஷிமா என்னும் புகைவண்டி இயந்திரத்துக்கு மூலம் தமிழ்நாட்டு நீலகிரியில் இருக்கிறது.

இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்னும் பாதிரியார் இருந்தார். இளமையில் அவர் வாழ்ந்த பாக்ஸ் என்னும் ஊரில், இரவு வேளையில் ஏற்றத்தில் ஏறும் இயந்திரங்களின் ஓசை படுக்கையறை வரை கேட்கும். முன்னே இழுக்கும் இயந்திரமும் பின்னே தள்ளும் இயந்திரமும் தம்முள் பேசிக்கொள்வதாகவே அச்சிறுவருக்குத் தோன்றியது. பிற்காலத்தில் தம் மகன் தட்டம்மையால் படுத்திருந்தபோது அந்தப் பேச்சையே கதையாக்கிச் சொன்னார். 1945ஆம் ஆண்டில் முதல் நூல் வெளிவந்தது. தாமஸ் என்னும் சிறிய நீல இயந்திரம் அடுத்த ஆண்டு நூலில் தோன்றியது. 1984ஆம் ஆண்டில் இக்கதைகள் தொலைக்காட்சிக்கு வந்தன.

ஆட்ரியின் வாசகர்கள் சிறுவர்களேயாயினும் கூரிய கண்ணினர். படங்களில் இருந்த பிழைகளைச் சுட்டி அவருக்குக் கடிதம் எழுதினர். ஹென்றி என்னும் இயந்திரம் கார்டன் என்னும் மற்றோர் இயந்திரத்தைப் போலவே வரையப்பட்டுக் குழப்பம் மிகுந்தது. 1951ஆம் ஆண்டு நூலில் ஹென்றி விபத்துக்குள்ளாகிப் புதிய வடிவம் பெற்றதாகக் கதை அமைத்து ஆட்ரி அக்குழப்பத்தைத் தீர்த்தார். இயந்திரம் பேசுவதைச் சிறுவர்கள் தடையின்றி ஏற்றார்கள். இயந்திரம் இயந்திரமாக இல்லாதபோதுதான் ஏற்க மறுத்தார்கள். இது கருதத்தக்கது.

1964ஆம் ஆண்டில் ஆட்ரி மலை இயந்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேல்ஸ் நாட்டில் 1896இல் தொடங்கிய ஸ்னோடன் மலைப்பாதையே அதற்கு மூலம். அப்பாதையின் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு மேலேறும். ஆப்ட் முறை எனப்படும் இம்முறையே நீலகிரிப் பாதையிலும் உள்ளது. இரு மலைகளுக்கும் இயந்திரங்களைச் செய்தளித்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றே. ஆகவே ஆஷிமா திரையில் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவளுடைய உறவினர் ஆட்ரியின் கதையுலகில் இடம்பெற்றுவிட்டனர் எனலாம்.

2016ஆம் ஆண்டில் டேவிட் ஸ்டோட்டன் இயக்கத்தில் ‘தி கிரேட் ரேஸ்’ என்னும் உயிரோவியப் படம் வெளிவந்தது. பல நாட்டு இயந்திரங்கள் கூடிப் போட்டியிடுவது அதன் கதை. தான் வேறொருவராக மாற வேண்டும் என்று ஏங்கும் தாமஸிடம், ‘நீ நீயாகவே இரு’ என்னும் அறிவுரையைப் பாட்டாகச் சொல்பவள் ஆஷிமா. இந்திய நடிகை டீனா தேசாய் அவளுக்குக் குரல் கொடுத்தார். நீலகிரியின் எக்ஸ் வகை இயந்திரத்தின் உடல், பல வண்ணப் பூச்சு, பூவேலைப்பாடு, வடபுலத்துப் பெயர் ஆகியவை அவளிடம் ஒன்றுசேர்ந்தன.

பார்த்தவர்களின் கருத்து ஒருவழிப்படவில்லை. இக்கதைகளில் பெண் இயந்திரங்கள் குறைவு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் மேரி கிரே 2013ஆம் ஆண்டிலேயே குறை கூறியிருந்தார். அத்தகையோருக்கு ஆஷிமாவின் வரவு மகிழ்ச்சி தந்தது. பிற நாட்டுக் குழந்தைகளும் தங்களைத் திரையில் காணலாம் என்றனர் சிலர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணத்தை ஒட்டிவைத்த வெறும் அடையாளப் பொம்மைகள் என்றனர் வேறு சிலர். பழைய ஆங்கிலக் கதைக்கு இத்தனை வெளிநாட்டார் எதற்கு என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. எத்தரப்பினரும் பெரும்பாலும் நாட்டையும் பாலையும் வண்ணத்தையுமே பேசினர். அவள் ஏறிய மலையைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுந்தது.

மெய்ப்பாட்டியல் இங்குத் துணை செய்கிறது. மருட்கை என்னும் வியப்பு பிறக்கும் இடங்களுள் புதுமையும் ஒன்று. ஆஷிமாவின் வண்ணங்களைக் கண்டு குழந்தை வாய் பிளப்பது இதன்பாற்படும். பெருமிதத்துக்கோ நிலைக்களன்கள் வேறு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. அணியும் வண்ணமும் அப்பட்டியலில் இல்லை. ‘இவள் நம்மவள்’ என்று ஒரு தமிழ்க் குழந்தை நிமிர்ந்து உட்கார வேண்டுமானால், பூச்சைக் கடந்து பொறியைக் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு நிரம்ப உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகமண்டலம் வரை 1908ஆம் ஆண்டிலும் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 46 கிலோமீட்டர். ஏறும் உயரமோ 1,800 மீட்டருக்கும் மேல். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டம் உண்டு. அங்குச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி நடைக்கு ஓரடி உயரம். இயந்திரத்தின் நான்கு உருளைகளுள் இரண்டு சக்கரங்களையும் இரண்டு பற்சக்கரங்களையும் இயக்கும். ஏறும்போது இயந்திரம் பின்னின்று தள்ளும். பெட்டிதோறும் பிரேக்காளர் நின்று காப்பர். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட அவ்வகை இயந்திரங்களை, 2011ஆம் ஆண்டு முதல் திருச்சிப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளரே புதிதாகக் கட்டி அளித்தனர். தொல்காப்பியர் சொன்ன கல்வியும் அஞ்சாமையும் இங்கே கண்கூடு.

மலேசியத் தமிழருக்கு இப்பொருள் மேலும் நெருக்கமானது. சுங்கை பாக்காப் வட்டாரம் பழைய வெல்லஸ்லி மாநிலத்தைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர் வந்து குடியேறிய மண் அது. அருகே நிபோங் திபால் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் இன்று ஓடுவன புகையில்லா மின்வண்டிகள். பினாங்குக் கொடிமலையில் 1923ஆம் ஆண்டு முதல் ஏறும் வண்டியோ கம்பிவடத்தால் இழுக்கப்படுவது. நீராவி இயந்திரம் மூச்சிரைத்து மலையேறுவதை இவ்வட்டாரக் குழந்தை கண்டதில்லை, திரையில்தான் காண்கிறது. ஆனால் அக்குழந்தையின் முன்னோர் மலாயாவின் தண்டவாளங்களை இட்டும் பேணியும் உழைத்தவர்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பல்லாயிரவராய் மடிந்தவர்களும் அவர்களே. பேரனுக்கு நகையும் உவகையும் தரும் புகைவண்டி அத்தலைமுறைக்கு அச்சமும் அழுகையும் தந்தது. காணும் பொருள் ஒன்றாயினும், காண்போரின் நினைவுக்கு ஏற்ப மெய்ப்பாடு வேறுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே படத்தைக் குறைகூறி ஒதுக்குவதும், இந்தியப் பெயரைக் கண்ட அளவில் மகிழ்ந்துவிடுவதும் போதா. ஆஷிமாவைப் பார்த்து வியந்த மாணவனிடம் நிலப்படத்தை விரித்து மேட்டுப்பாளையத்தையும் உதகையையும் காட்டலாம். பற்சக்கரம் எவ்வாறு கவ்வுகிறது என்பதை அட்டைத்துண்டில் வெட்டி விளக்கலாம். பொன்மலையில் உழைத்தவர்களைப் பற்றியும், சயாமில் மடிந்தவர்களைப் பற்றியும் வயதுக்கேற்பச் சொல்லலாம். திரை தந்த மருட்கை அடுத்த படம் வரும்வரை நிற்கும். அதைப் பெருமிதமாக வளர்ப்பது ஆசிரியர் கையில் உள்ளது.