தோற்றவன் சொல்வதிலும் கணக்கு உண்டு

திண்டுக்கல் சமவெளியில் ஆடு வளர்ப்புக்குக் குறைவில்லை. தெற்கே சிறுமலை, மேற்கே பழனிமலை, இடையே மழை குறைந்த மேய்ச்சல் நிலம். வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச்சந்தை இதற்குச் சாட்சி. இத்தகைய மேய்ச்சல் நிலத்தில் ஆடும் புலியும் ஒரு விளையாட்டில் இடம் பிடித்ததில் வியப்பில்லை. ஆடுபுலி ஆட்டத்தைத்தான் சொல்கிறோம். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காயாக வைத்துத் தமிழ்நாடு முழுவதும் ஆடி வந்த ஆட்டம் இது.

இருவர் ஆடும் ஆட்டம் நியாயமாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்று கணிப்பொறித் திரையில் இருவர் மோதும் சீட்டாட்டங்களை உருவாக்குவோர் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. இதே கேள்விக்கு நம் ஊர்த் திண்ணைகளும் விடை தேடியிருக்கின்றன. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மூன்றுக்குப் பதினைந்து

ஆடுபுலிக் கட்டத்தில் 23 புள்ளிகள். ஒருவருக்கு 3 புலிகள். மற்றவருக்கு 15 ஆடுகள். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை வைப்பார்; பதிலுக்குப் புலி நகரும். அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். பதினைந்து ஆடுகளும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. ஆடுகளைப் போதுமான அளவு வெட்டிவிட்டால் புலிக்காரருக்கு வெற்றி.

இரு தரப்புக்கும் படையும் வேறு, பலமும் வேறு, நோக்கமும் வேறு. அப்படியிருக்க, இதில் சமநிலை எங்கே வருகிறது? ஒரே திறமையுள்ள இருவர் பக்கம் மாற்றி மாற்றிப் பல முறை ஆடினால், ஆட்டுக்கும் புலிக்கும் கிடைக்கும் வெற்றிகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதுவே சமநிலை. படைகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாய்ப்பு ஒன்றாக இருந்தால் போதும்.

புலி மூன்று, ஆடு பதினைந்து என்று வகுத்தவர் யார்? ஒரு தனி மனிதர் பெயர் கிடையாது. நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். தென்னிந்தியாவிலேயே வெவ்வேறு கட்டங்களும் வெவ்வேறு எண்ணிக்கைகளும் உண்டு. எத்தனை ஆடு வெட்டினால் வெற்றி என்பதும் ஊருக்கு ஊர் மாறும். எப்போதும் புலியே ஜெயிக்கும் ஆட்டத்தில் ஆட்டுப்பக்கம் உட்கார யார் சம்மதிப்பார்? "இது அழுகுணி ஆட்டம்" என்று ஒருவர் எழுந்து போனால் ஆட்டமே நின்றுவிடும். எனவே ஓர் ஆட்டைக் கூட்டியோ ஒரு விதியைத் திருத்தியோ மீண்டும் ஆடியிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. இப்படித் தோற்றவர் முறையீடே விதிகளைச் செதுக்கியிருக்க வேண்டும்.

அந்தச் செதுக்கல் எவ்வளவு நுட்பமானது? லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணிப்பொறி ஆய்வாளர்கள் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் பாக்சால் ஆட்டத்தைக் கணிப்பொறியால் அலசினார்கள். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை, ஆட்டம் சமனில் முடியும் என்று நிரூபித்தார்கள். கணிப்பொறியையே காணாத மக்கள் வகுத்த எண்கள் தராசு முள்ளைப் போல நடுவில் நின்றன!

முதலில் ஆடுபவரின் லாபம்

இரு தரப்பும் ஒரே படையுடன் இறங்கினாலும் சமநிலை தானாக வந்துவிடாது. யாராவது ஒருவர் முதலில் ஆடியாக வேண்டும் அல்லவா? சதுரங்கத்தில் வெள்ளைக்காய்க்காரருக்கு நூறு ஆட்டத்தில் சுமார் 54 அல்லது 55 புள்ளிகள் கிடைக்கின்றன. ஜப்பானில் புகழ்பெற்ற 'கோ' ஆட்டத்தில் கறுப்பு முதலில் ஆடும். அந்த லாபத்தை ஈடுகட்ட வெள்ளைக்குச் சில புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்தார்கள். முதலில் நாலரை, பிறகு ஐந்தரை, அதுவும் போதாதென்று ஆட்ட முடிவுகள் காட்டவே 2002-ல் ஆறரை. ஒரே ஒரு எண்ணைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

சீட்டாட்டத்தில் இன்னொரு சங்கடம். பழைய சீட்டாட்டங்களில் இருவரும் ஒரே கட்டிலிருந்து சீட்டு எடுப்பார்கள். இன்று எனக்கு நல்ல சீட்டு வந்தால் நாளை உமக்கு வரும். நீண்ட நாளில் அதிர்ஷ்டம் சமனாகிவிடும். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இந்த வழக்கத்தை மாற்றினார். அவர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைத் தேர்ந்து, சொந்தக் கட்டோடு வருவார்கள். பலமான சீட்டு ஒன்று இருந்தால் அதை எல்லோரும் தேடிப்பிடித்து நிரப்பிக்கொள்வார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 1994-ல், 'பிளாக் லோட்டஸ்' போன்ற சில சீட்டுகளைக் கட்டுக்கு ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அச்சிட்டுக் கைக்குப் போய்விட்ட சீட்டில் உள்ள எண்ணை மாற்றுவது எளிதல்ல, தடுக்கத்தான் முடியும்.

திரையில் வரும் சீட்டுக்கு அந்தத் தடையில்லை. 2014-ல் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட 'ஹார்த்ஸ்டோன்' இருவர் ஆடும் கணிப்பொறிச் சீட்டாட்டம். அதில் முதலில் ஆடுபவருக்கு 3 சீட்டு. இரண்டாமவருக்கு 4 சீட்டோடு 'காசு' என்ற சிறப்புச் சீட்டும் உண்டு. ஜப்பானியர் கொடுத்த ஆறரைப் புள்ளியின் தம்பி இது என்று சொல்லலாம்.

அதே ஆட்டத்தில் 'லீராய் ஜென்கின்ஸ்' என்ற சீட்டின் விலை 4. அதை வேறு சீட்டுகளோடு சேர்த்து, எதிராளி மறுமொழி சொல்ல வழியில்லாமல், கையிலிருந்தே ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடும் உபாயம் பரவியது. 2014 செப்டம்பரில் அதன் விலை 5 ஆயிற்று. உலகம் முழுவதிலும் உள்ள திரைகளில் அந்த எண் மாறிவிட்டது. மாற்றத்துக்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். களத்தில் ஒருவரோடொருவர் மோதுவதற்கு இடமின்றி ஆட்டம் முடிந்துபோவது சுவையைக் கெடுக்கிறது என்பதே அது. தோல்வியைவிட, கையைக் கட்டிக்கொண்டு தோற்பதுதான் ஆடுபவரை உறுத்தும்.

முறையீடும் எண்ணும்

அப்படியானால் முறையீடு வந்தவுடன் விதியை மாற்றிவிடலாமா? கூடாது. ஒருவர் நூறு ஆட்டம் ஆடி 45-ல் மட்டும் வென்றார் என்று வைத்துக்கொள்வோம். "ஆட்டமே தவறு" என்பார். நாணயத்தை நூறு முறை சுண்டிப் பாருங்கள். தலை சரியாக 50 விழுவது அரிது. ஐந்து கூடுவதும் குறைவதும் சர்வ சாதாரணம். ஆனால் பத்தாயிரம் முறை சுண்டினால் 50 கூடலாம், குறையலாம்; 500 குறைந்தால் நாணயத்தையே சந்தேகிக்க வேண்டும். சுண்டும் எண்ணிக்கை நூறு மடங்கானால் தற்செயல் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் கூடும் என்பது நிகழ்தகவுக் கணிதத்தின் விதி. ஆக நூற்றில் 45 என்பது சான்றாகாது; பத்தாயிரத்தில் 4,500 என்பது உறுதியான சான்று.

அதற்காக எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். மூன்று கட்டுகள் உள்ளன என்று கொள்வோம். முதலாவது இரண்டாவதை நூற்றுக்கு 70 முறை வெல்கிறது. இரண்டாவது மூன்றாவதை அப்படியே. மூன்றாவது முதலாவதை அப்படியே. மூன்றும் ஒரே அளவில் புழங்கினால் ஒவ்வொன்றின் சராசரி வெற்றியும் 50 சதவீதம். கணக்கேட்டில் எல்லாம் சமம். ஆனால் வெவ்வேறு கட்டுகள் மோதும் ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும் முன்பே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது! சராசரி மறைத்த இந்தக் குறையை ஆடியவரின் முறையீடு காட்டிக்கொடுக்கும். நோயாளி வலிக்கும் இடத்தைச் சொல்கிறார். வெப்பமானி காய்ச்சலின் அளவைச் சொல்கிறது. மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவது ஆள்

இதுவரை இருவரைப் பற்றியே பேசினோம். ஆட்டத்தை நடத்தும் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால்? பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியில் இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினையாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. சமத் திறமையுள்ள இருவர் ஆட்டத்துக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள். நடத்துபவர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் வென்றவருக்கு 180 ரூபாய். இருபது ஆட்டத்தில் ஆளுக்குப் பத்து வெற்றி. அப்படியும் ஒவ்வொருவர் பையிலும் 200 ரூபாய் குறைந்திருக்கும். இருவருக்கிடையே சமநிலை துல்லியம். ஆயினும் இருவருமே தோற்றவர்கள்!

சட்டமும் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கிறது. சிகந்தராபாத் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியது பற்றிய வழக்கில் 1967-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ஆனால் நடத்துபவர் அந்த ஆட்டத்தால் லாபம் அடைவது மெய்ப்பிக்கப்பட்டால் நிலைமை வேறு என்றும் சுட்டிக்காட்டியது. பணத்தை இழந்தோரின் தற்கொலைச் செய்திகளுக்குப் பின் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் தடைசெய்தது. சட்டம் செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியை அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலிட்ட பகுதியை மட்டும் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது.

திண்ணையில் ஆடியவருக்கு ஒரு பெரும் உரிமை இருந்தது. ஆட்டம் சரியில்லை என்றால் எதிரே இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்லலாம்; கேட்காவிட்டால் எழுந்து போகலாம். வெற்றி தோல்விக் கணக்கும் இருவர் கண்முன்னே இருந்தது. இன்று கோடிக்கணக்கான ஆட்டங்களின் கணக்கு நடத்துபவரிடம் மட்டுமே இருக்கிறது. ஒரு விதியை மாற்றுவது யாருடைய நன்மைக்காக என்று கேட்பதற்கு ஆடுபவருக்கு உரிமை உண்டு.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரோடு ஆடுபுலி ஆட்டத்தைப் பக்கம் மாற்றி மாற்றி 40 முறை ஆடி, முடிவுகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தோற்றவர் ஏன் தோற்றதாக நினைக்கிறார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஆடுகளை 14 ஆக்கி 40 ஆட்டம்; 16 ஆக்கி 40 ஆட்டம். எண்களையும் அந்த வரிகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். நாற்பது ஆட்டத்தில் மூன்று நான்கு வெற்றி கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நேரலாம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.