ஹாலிபாக்ஸ் நீரிடுக்கில் நேர்ந்த கேடு

நம் சங்கத்தாருள் பலர் இரயில்வே ஊழியர். ஒற்றைப் பாதையில் வண்டி புறப்படுமுன் அடுத்த நிலையத்தார் ‘லைன் கிளியர்’ கொடுத்தாக வேண்டும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அத்தகைய ஏற்பாடு இல்லாத நீர்வழியொன்றில் நேர்ந்ததை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கனடா நாட்டின் கீழ்க்கரையிலுள்ளது ஹாலிபாக்ஸ் துறைமுகம். அதன் உட்புறத்தே பெட்ஃபோர்டு என்னும் அகன்ற நீர்நிலை உண்டு. அங்குச் செல்லச் சுமார் 500 மீட்டர் அகலமுள்ள ஓர் இடுக்கே வழி. முதல் உலகப் போரின்போது சரக்குக் கப்பல்கள் அந்நீர்நிலையில் திரண்டு, காவற்கப்பல்களுடன் கூட்டமாகப் புறப்பட்டன. அபாயச் சரக்கேற்றிய கப்பல்கள் உள்ளே வருதல் ஆகாது என்று முன்பு விதி இருந்தது. நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி அவ்விதியைத் தளர்த்தினர். கடலிலுள்ள ஆபத்தை எண்ணியவர்கள், இடுக்கிலுள்ள ஆபத்தை எண்ணவில்லை.

1917-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் காலை, ‘மோன் பிளாங்க்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் உள்ளே வந்தது. அதன் வயிற்றில் 2,000 டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்து. மேல்தளத்தில் பென்சால் பீப்பாய்கள். பகைவர் கண்ணிற் படலாகாதென்று செங்கொடியும் ஏற்றவில்லை. அதே வேளையில் ‘இமோ’ என்ற நார்வேக் கப்பல் வெளியே புறப்பட்டது. எதிர்ப்பட்ட வேறு கலங்களுக்கு விலகி விலகி, தனக்குரிய பக்கத்தை விட்டு இடப்புறமாக, விரைந்தும் வந்தது. வெளியேறும் கப்பல்களைக் கடற்படை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டிய வழிகாட்டிகள் அலுவலகச் சிறுவன், அவ்வாறு அறிவிப்பதைச் சில காலமாகவே நிறுத்தியிருந்தான். மேசையில் அமர்ந்து பதிவேடு எழுதும் நாம், இதைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டோம்.

இரண்டும் ஊதல் கொடுத்தன; ஒன்றுக்கொன்று இணங்கவில்லை. காலை 8.45 மணியளவில் மோதின. பென்சால் தீப்பற்றியது. மாலுமிகள் படகேறிக் கத்தியும், அவர்தம் பிரெஞ்சு மொழி பலருக்கு விளங்கவில்லை. எரியும் கப்பல் கரையை நோக்கி மிதந்தது. மக்கள் சன்னலருகே நின்று வேடிக்கை பார்த்தனர்.

கரையோரமே ரிச்மண்டு இரயில்வே நிலையம். அங்கு வண்டிகளின் போக்கை நடத்தியவர் வின்சென்ட் கோல்மன். வயது 45, ஏறத்தாழ நம் வயதே. செய்தி கேட்டதும் வெளியேறியவர், பயணிகள் வண்டி வரும் நேரம் என்பதை நினைந்து திரும்பினார். வண்டியை நிறுத்துக, வெடிமருந்துக் கப்பல் எரிகிறது, இதுவே என் கடைசிச் செய்தியாகலாம் என்னும் கருத்துப்படத் தந்தியடித்தார். 9.04-க்குக் கப்பல் வெடித்தது. அவரும் மாண்டார். இறந்தோர் ஏறக்குறைய 2,000, காயமுற்றோர் 9,000.

வண்டி ஊருக்கு வெளியே நின்று தப்பியது. தந்தியாலா, தாமதத்தாலா என்பதில் ஆராய்வோர் மாறுபடுவர். வழியிலிருந்த நிலையங்கள் அச்செய்தியைக் கேட்டுவிட்டன என்பதில் மாறுபாடில்லை. உதவி வண்டிகளும் அன்றே புறப்பட்டன.

விசாரணையில் முதலில் பிரெஞ்சுக் கப்பல்மீதே பழி விழுந்தது. 1920-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இரு கப்பல்களும் சமமாகவே குற்றமுடையன என்று தீர்த்தது. மூவர்மீது வழக்கு வந்தும் எவரும் தண்டனை பெறவில்லை.

கோல்மனின் தந்திக்கருவி ஹாலிபாக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.