குறி: சொல்லும் தொழிலும்

'குறி' என்னும் சொல் தமிழிற் பலபொருள் பயந்து வழங்குவது. அடையாளமும் குறி, வருவதுரைத்தலும் குறி, வன்னிப் பெருநிலத்தில் மாட்டுக்கு இடும் சூடும் குறியே. ஒரு சொல் மூன்றையும் தாங்கியமை தற்செயலெனத் தோன்றவில்லை.

குறி சொல்வோரின் தொழிலடையாளம் தொன்றுதொட்டுக் கோலாகவே இருந்து வந்துளது. குறுந்தொகையிற் பரணர் காட்டும் அகவன் மகளிரும் வெண்முனைச் சிறுகோல் உடையவரே. ஆயினும் சங்கப் பாடல்களிற் குறிபார்க்கும் கருவிகளாகப் பெரிதும் வருவன நெல்லும் கழங்குமாம். உள்ளங்கை சிறப்பிடம் பெறுவது பிற்காலக் குறவஞ்சிகளிலே. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியிற் சிங்கி, வசந்தவல்லியின் கைபார்த்துக் குறி கூறுகின்றாள். கூடையும் மாத்திரைக்கோலுமாய் அவள் தெருவில் தோன்றிய அளவிலே தொழில் விளங்கிவிடும். கையோவியம் தீட்டிய பலகை, கடைவீதியில் அமர்ந்திருக்கும் சோதிடருக்கே வேண்டுவது. வன்னிக்குத் தெற்கே அனுராதபுர மாவட்டத்தில் வாழும் தெலுங்கு பேசும் குறவருள்ளும், பெண்டிர் கைபார்த்தலும் ஆடவர் பாம்பாட்டலும் ஊர்ஊராய்த் திரிந்து செய்த மரபுத் தொழில்களே.

குளமும் வயலும் காடுமாய்க் கிடந்த வன்னியிற் கடைவீதிகள் அரிது. அங்கே அடையாளம் எழுதப்பட்ட பரப்பு மாட்டின் தோல். மந்தைகள் காட்டில் மேய்ந்து ஒன்றோடொன்று கலத்தலின் உடைமையைக் காட்டக் குறி இன்றியமையாததாயிற்று. கன்றைப் பட்டியில் மடக்கி, கால்களைக் கட்டி வீழ்த்தி, காய்ச்சிய இரும்பாற் சுடுவர். உடையவரின் பெயரெழுத்துகளோடு குடியையும் தொழிலையும் உணர்த்தும் வடிவங்களைச் சேர்த்தலும் இலங்கையிற் பண்டு வழங்கிற்று. சாதியை மாட்டின்மேலும் எழுதிவைத்த இவ்வழக்கம் பெருமைக்குரியதன்று. எனினும் வரலாற்றாளனுக்கு அஃது ஓர் ஆவணம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளைப் பதிதலுக்கும் குறிசுடுதலுக்கும் விதி வகுத்தது.

2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் வன்னிக் குடிகள் பட்டிகளைக் கைவிட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்தோர், எஞ்சிய மாட்டைத் தமதென்று காட்டச் சுட்ட குறி இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிய தாய்க்கு அத்தகைய சான்றும் இல்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய உறவுகளின் போராட்டம் அரசிடம் விடை கேட்டது. உயிரோடிருக்கின்றானா என்னும் அக்கேள்வியைச் சாத்திரம் சொல்வோரிடமும் கொண்டுசென்ற தாயர் பலர். மகனின் கை அங்கில்லாமையாற் கைபார்ப்பவர்முன் தாய் தன் கையையே விரித்துக் காட்டவேண்டியிருந்தது.