ஓநாய்க் கூண்டும் நாய்ப் பயிற்சியும்

கடிக்கும் நாயை மல்லாக்கக் கிடத்தி அமுக்குதல் ஒரு காலத்திற் பயிற்சி எனப் போற்றப்பட்டது. அதன் வேர் சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் உள்ளது. அங்கே அடைபட்ட ஓநாய்கள் தலைமைக்குப் பொருதியதை ஷெங்கல் என்னும் அறிஞர் 1947 இல் எழுதினார். வனத்திலாயின் தோற்றது விலகிப் போகலாம். கூண்டில் எங்கே போவது? எனினும் பயிற்சியாளர் பலர் நாயின் சீற்றத்தையும் தலைமைப் போட்டியாகவே கொண்டனர்.

ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என 1999 இல் தெளிவாக்கினார் அமெரிக்கரான டேவிட் மீச். பழைய கருத்தைத் தம் நூலால் முன்னர்ப் பரப்பியவரும் அவரே! 2009 இல் வெளிவந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வில், முரட்டு நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றோருள் 100 க்கு 43 பேர் மேலும் சீற்றத்தையே கண்டனர். அச்சமே பல நாய்களைக் கடிக்கத் தூண்டுகிறது. ஆகவே, அது அஞ்சும் பொருளைத் தூரத்தே காட்டி, அமைதியாயிருக்கையில் உணவளித்து, நாளடைவில் அண்மைக்குக் கொணர்வதே இக்காலப் பயிற்சி.