பேரறிஞர் எழுதிய பழிச்சொல்

தெருச் சண்டையிலே வீசப்படும் வசை, அந்தி சாய்வதற்குள் மடிந்துவிடும். புகழ் பெற்றோர் உதிர்க்கும் வசையோ அப்படியன்று. ஏட்டில் ஏறும், கடல் கடக்கும், தலைமுறை தலைமுறையாகத் துரத்தி வரும்! சொன்னவரின் புகழே அச்சொல்லுக்குக் கால்களாகிவிடும்.

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழுள்ளம் பூரிக்கிறது, பூரிக்கத்தான் வேண்டும். 1814-இல் அயர்லாந்திலே பிறந்து, 1838-இல் சென்னைக் கரையில் இறங்கி, இடையன்குடித் தேரிமணலைத் தம் ஊராக்கிக் கொண்டவர் அவர். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழி ஈன்ற பிள்ளையன்று, தனிக்குடும்பம் ஒன்றின் தலைமகள் என்பதை உலகறிய எடுத்துக் காட்டிற்று. 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. தகும், முற்றிலும் தகும்!

ஆனால், ஒப்பிலக்கணத்துக்கு ஏழாண்டு முன்னர், 1849-இல், அதே பேனா வேறொரு சிறு நூலையும் எழுதிற்று. ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்பது அதன் பெயர். பனையேறிப் பாடுபட்ட மக்களைப் பற்றியது. அவர்கள் அறிவில் மழுங்கியவர்கள், அவர்கள் வணங்குவது பேய்களை, அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று, ஓர் இனம் முழுவதையும் ஒரே தராசிலே தூக்கி வைத்து எடை போட்டார் பாதிரியார். கடலுக்கு அப்பாலுள்ள சமய அன்பர்களின் இரக்கத்தைத் தூண்டுவது நோக்கமாக இருந்திருக்கலாம். இரக்கத்தை விலைக்கு வாங்க, ஏழையின் மானத்தையா விற்பது?

வேடிக்கை என்னவென்றால், அந்த எடை தவறு என்று மெய்ப்பித்தவர்கள், மிஷன் பள்ளியிலே படித்த நாடார் இளைஞர்களே! அறிவில்லாதவர் என்று எழுதப்பட்டவர்கள், எழுதியவரின் மொழியையே கற்று, அந்நூலைப் படித்தனர், படித்துக் கொதித்தனர். அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளைப் பாதிரிமாரின் பிடியிலிருந்து விலகி, 1857-இல் பிரகாசபுரத்திலே தனிச்சபை கண்டார். அந்தப் பிணக்குக்கு இந்த நூலும் ஒரு காரணம். ஆண்டுகள் ஓடின, சினம் ஆறவில்லை. மறுப்பு நூல்கள் அச்சேறின. விண்ணப்பங்கள் இங்கிலாந்து வரை சென்றன. கடைசியில் நூல் விலக்கிக் கொள்ளப்பட்டது. 1891-இல் கால்டுவெல் கண் மூடும் வரையில் அந்த மனக்கசப்பு அவரை விட்டு அகலவில்லை.

வெற்றிதான். ஆயினும், அந்த மறுப்பு நூல்கள் என்ன சொல்லின? “மனிதரில் தாழ்ந்தவர் எவருமில்லை” என்றா? இல்லை! “நாங்கள் தாழ்ந்தவரல்லர், நாங்கள் க்ஷத்திரியர், பாண்டிய மன்னரின் வழியினர்” என்றன. இழிவு என்னும் சுமையை இறக்கி உடைக்காமல், தன் தோளிலிருந்து தள்ளிவிட்டால் போதும் என்று எண்ணிய மறுமொழி அது.

அந்த மறுமொழி தெற்கோடு நிற்கவில்லை. வணிகத்தின் பொருட்டு வடக்கே வந்து, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய கரிசல் ஊர்களிலே பேட்டை அமைத்து, மகமை திரட்டி, உறவின்முறை கண்டு உயர்ந்த நாடார்களும் அதையே தமது கொடியாக்கிக் கொண்டனர். கொடிக்குச் சோதனை, குண்டாற்றங்கரையிலே வந்தது. திருச்சுழியைத் தழுவிச் செல்லும் அதே ஆறு, கீழே கமுதியைத் தொடுகிறது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். “நாங்கள் பாண்டிய மரபினர்” என்ற வாதத்தை 1899-இல் மதுரை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீட்டுக் கழிக்கும் சடங்குக்கும் செலவு தரச் சொன்னது! சென்னை உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கதவை அடைத்தது.

ஏணியை ஒப்புக்கொண்டு மேற்படியைக் கேட்டால், ஏணியின் காவலர்கள் இடம் விடுவார்களா? விட்டிருந்தாலுந்தான் என்ன? அடிப்படியிலே மிதிபட்டவன் அங்கேயே அன்றோ கிடந்திருப்பான்!

1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. 1921-இல் அரசாங்க ஏடுகளில் பழைய பெயர் நீங்கி, ‘நாடார்’ என்பது ஏறிற்று. பெயர் மாறியது, கோயிற்கதவு எப்போது திறந்தது? 1939 சூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர் ஐவரும் நாடார் ஒருவரும் ஒன்றாகச் சென்றபோது! மன்னர் மரபு என்ற சான்றிதழைக் காட்டியல்ல, மனிதர் என்ற உரிமையில். அருப்புக்கோட்டையில் 1970-இல் தொடங்கப்பட்ட கல்லூரியின் பெயரில் ‘க்ஷத்திரிய’ என்னும் சொல் இன்றும் இருக்கிறது. வகுப்பறையிலோ எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அருகருகே அமர்கிறார்கள். பெயர்ப்பலகை பழைய மறுமொழி. வகுப்பறைதான் சரியான மறுமொழி.

இது பழங்கதை என்று ஒதுக்க இயலாது. 2024 நவம்பரில் சென்னைக் கூட்டமொன்றிலே, நடிகை கஸ்தூரி, தெலுங்கு பேசுவோரை அந்தப்புரப் பணிக்கு வந்தவர்களின் வழியினர் எனக் குறித்துப் பேசினார். கண்டனம் குமுறிற்று. சில நாட்களுக்குள் வருத்தம் தெரிவித்து, சொல்லைத் திரும்பப் பெற்றார், வழக்குகள் பதிவாயின, ஐதராபாத்தில் கைது செய்யப்பட்டார். கால்டுவெல்லுக்கு எதிரான சினம் பல பத்தாண்டுகளில் பெற்றதை, இன்றைய சினம் சில நாட்களில் பெற்றுவிட்டது. அருப்புக்கோட்டைக் கரிசலிலே தெலுங்கு பேசிக்கொண்டு பருத்தியும் சோளமும் விளைவித்த உழவர் எத்தனையோ பேர். அவர்களுக்காக எழுந்த சினம் நியாயமானது. ஆனால், “எங்கள் முன்னோர் பணியாளர் அல்லர், படைத்தலைவர்” என்று மட்டும் விடை சொன்னால், அது மீண்டும் அந்தப் பழைய ஏணிதான். பணி செய்து பிழைத்தவரின் பேரப்பிள்ளை என்பது எப்போது இழிவாயிற்று?

கால்டுவெல்லின் சிலைக்கு மாலை சூட்டுவோம், ஒப்பிலக்கணத்துக்காக. அவர் நூலை எதிர்த்து எழுந்தவர்களுக்கும் நம் நெஞ்சிலே ஒரு மாலை உண்டு; அவர்தம் தன்மானத்துக்காக. ஆனால், அவர்கள் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லியாக வேண்டும்: என்னை இழித்தது தவறு என்பது பாதி நீதி, எவரையும் இழிப்பது தவறு என்பதே முழு நீதி.